யுஎஸ்பி பட்டறையில் போர்டு பேச மறுத்தால்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் கடைத்தெருவை ஒட்டிய மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் நடக்கும் மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி) பட்டறையில் நான் உதவியாளன். வருகிறவர்களில் பாதிப் பேர் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஷிப்ட் வேலை பார்க்கும் டெக்னீஷியன்கள். மற்றவர்கள் பொலிடெக்னிக் மாணவர்கள், லூனாஸ் பக்கமிருந்து வரும் ஒயர்மேன் அண்ணன்மார்கள். பலருடைய அப்பா அம்மா பால்மரம் சீவியவர்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால், பத்தரை மணி தே தாரிக் இடைவேளைக்குள் நான்கைந்து பேருடைய போர்டு (அந்தச் சிப் பொருத்திய பலகை) கணினியில் தெரியாமல் நின்றுவிடும். பாடம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓவர்டைம் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த ஒருவர், ஒரு கேபிளுக்காக அரை நாளை இழப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரே ஒரு விஷயம். யுஎஸ்பியில் நம் போர்டு தானாக வாய் திறக்காது. கணினிதான் கேட்கும், போர்டு பதில் மட்டும் சொல்லும். கேள்விகள் வரும் வரிசையும் ஏறக்குறைய மாறாதது. தரவுக்கு டி பிளஸ், டி மைனஸ் என்று இரண்டு கம்பி உண்டு. போர்டு தன் டி பிளஸ் கம்பியை ஒரு மின்தடை வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்து 'நான் வந்துவிட்டேன்' என்று காட்டும். கணினி ரீசெட் செய்யும். 'நீ யார்?' என்று டிவைஸ் டிஸ்கிரிப்டரை, அதாவது போர்டின் அடையாளக் குறிப்பை, கேட்கும். ஒரு முகவரி கொடுக்கும். அந்தப் புது முகவரியில் டிஸ்கிரிப்டரின் 18 பைட்டையும் முழுதாகக் கேட்கும். பிறகு கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டர், பெயர்கள், கடைசியில் 'சரி, வேலையை ஆரம்பி' என்ற கட்டளை. இந்த மொத்தப் பேச்சுக்கும் எனுமரேஷன் என்று பெயர். போர்டு வேலை செய்யவில்லை என்றால், எந்தக் கேள்வியில் பேச்சு நின்றது என்று பாருங்கள். உங்கள் கோடை, அதாவது நிரலை, திறந்து முதல் வரியிலிருந்து படிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

செருகினேன், சத்தமும் இல்லை, திரையில் ஒன்றும் இல்லை

முதலில் கேபிளை மாற்றுங்கள். போர்டில் விளக்கு எரிகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். விளக்கு எரிய சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் போதும். பேச்சு நடப்பது வெள்ளையிலும் (டி மைனஸ்) பச்சையிலும் (டி பிளஸ்). பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் அந்த இரண்டு கம்பியுமே இருப்பதில்லை. சென்ற பட்டறையில் அப்படி ஒன்றை நடுவில் வெட்டி, தோலை உரித்து மேசையில் வைத்தேன். உள்ளே சிவப்பு, கறுப்பு, அவ்வளவுதான். அதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு யாரும் கேபிள் விஷயத்தில் வாதாடவில்லை. வீட்டிலேயே சோதிக்கலாம்: அந்தக் கேபிளால் கைப்பேசியைக் கணினியில் இணைத்துப் படங்களைப் பார்க்க முடிகிறதா? முடிந்தால் அதற்கு ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்து, பட்டறைக்கு எடுத்து வாருங்கள்.

புதிய போர்டுகளில் டைப் சி துளை வருகிறது. ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளில் வேலை செய்து, இரண்டு முனையும் சி ஆக இருக்கும் கேபிளில் விளக்குகூட எரியவில்லை என்றால் உங்கள் கோடில் தவறு இல்லை. போர்டில் சிசி1, சிசி2 என்ற இரண்டு கால்களிலிருந்தும் தரைக்குத் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எதிர்முனை மின்சாரமே கொடுக்காது. மலிவான போர்டுகளில் இதை விட்டுவிடுகிறார்கள். பட்டறை நாளில் அதைச் சரிசெய்ய நேரமில்லை, ஏ-யிலிருந்து சி கேபிளுக்கு மாறிவிடுங்கள்.

கேபிள் சரி, விளக்கும் எரிகிறது, இன்னும் சத்தமில்லை என்றால் போர்டு 'வந்துவிட்டேன்' என்று சொல்லவே இல்லை. சில சிப்களில் அந்த மின்தடை உள்ளேயே இருக்கும், கோட்தான் அதை இயக்கிவிட வேண்டும். யுஎஸ்பியைத் தொடங்கும் வரியை விட்டுவிட்டீர்களா, அந்த வரிக்கு முன்னாலேயே கோட் எங்காவது சுற்றிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். சென்சார் பதில் தரும்வரை காத்திருக்கும் சுற்று ஒன்றை முதலில் எழுதிவிட்டு, யுஎஸ்பியை அதற்கு அப்புறம் தொடங்குவது அடிக்கடி பார்க்கும் தவறு. சென்சார் மாட்டவில்லை என்றால் யுஎஸ்பியும் எழாது.

சத்தம் வருகிறது, ஆனால் தெரியாத சாதனம் என்கிறது

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணம், கோட் 43 என்ற பிழை எண், டிஸ்கிரிப்டர் கேட்டது தோற்றது என்ற செய்தி. பட்டறையில் அதிக நேரம் தின்பது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

கணினி போர்டைக் கண்டுவிட்டது, 'நீ யார்?' என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. பதில் வராததற்குக் காரணம் மின்பக்கமா, கோட் பக்கமா என்று பிரித்தறிய லினக்ஸ் கணினி ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லது. கெர்னல் பதிவில் பிழை எண் இருக்கும். -71 என்று வந்தால் சிக்னல் குலைந்து வருகிறது, அல்லது போர்டிலிருந்து சிக்னலே வரவில்லை. கம்பி, மின்தடை, கடிகாரம் பக்கம் போங்கள். -110 என்று வந்தால் கணினி காத்திருந்து சலித்துப்போயிற்று, பெரும்பாலும் உங்கள் கோட் பதில் சொல்லாமல் எங்கோ நிற்கிறது. இது நூற்றுக்கு நூறு சரியாக வரும் பிரிவினை என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் முதலில் தோண்டுவது என்று முடிவெடுக்கப் போதும்.

-71 பக்கத்தில் முதலில் கடிகாரம். ஃபுல் ஸ்பீட் என்பது நொடிக்கு 1.2 கோடி பிட், அதில் பிழை 0.25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. சிப்புக்குள் இருக்கும் சாதாரண ஆர்சி ஆசிலேட்டர் (கடிகாரத் துடிப்பைத் தரும் சுற்று) ஒரு சதவீதம்கூட விலகும். அதனால் எஸ்டிஎம்32எஃப்103 போன்ற சிப்புக்கு வெளியே உள்ள 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்தான் ஆதாரம். அதை 9-ஆல் பெருக்கி 72, 72-ஐ 1.5-ஆல் வகுத்து யுஎஸ்பிக்கு 48 மெகாஹெர்ட்ஸ். கிளாக் அமைப்புப் பக்கத்தில் அந்த 48 சரியாக வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விளக்கு ஒரு நொடிக்கு ஒரு முறை சிமிட்டுகிறதே, கடிகாரம் சரிதான் என்று ஒரு தம்பி சொன்னார். சிமிட்டுவதில் ஒரு சதவீதப் பிழையைக் கண் பிடிக்காது, யுஎஸ்பி பிடித்துவிடும்.

அடுத்தது கம்பிகள் இடம் மாறியிருப்பது. பிரெட்போர்டில் (ஈயம் வைக்காமல் கம்பி செருகும் பலகையில்) நீங்களே யுஎஸ்பி துளையை இணைத்திருந்தால் டி பிளஸும் டி மைனஸும் தலைகீழாகிவிடுவது எளிது. இதற்கு அழகான ஓர் அடையாளம் உண்டு. டி பிளஸ் இழுக்கப்பட்டால் ஃபுல் ஸ்பீட், டி மைனஸ் இழுக்கப்பட்டால் லோ ஸ்பீட் என்று கணினி எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஃபுல் ஸ்பீட் சாதனம் செய்திருக்கும்போது லினக்ஸ் பதிவில் லோ ஸ்பீட் சாதனம் வந்திருக்கிறது என்று வந்தால், இரண்டு கம்பியையும் மாற்றிப் போடுங்கள். பத்து நொடி வேலை.

மூன்றாவது, எஸ்டிஎம்32எஃப்103 சிப் உள்ள, ப்ளூ பில் என்று அழைக்கப்படும் நீல போர்டுக்கே உரிய குறை. டி பிளஸை இழுக்கும் மின்தடை 1.5 கிலோ ஓம் இருக்க வேண்டும். ஆனால் பல ப்ளூ பில்களில் 10 கிலோ ஓம் வைத்திருக்கிறார்கள். கணினிப் பக்கம் 15 கிலோ ஓம் அதே கம்பியைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். கணக்குப் போடுங்கள்: 1.5 இருந்தால் கம்பியில் 3 வோல்ட் நிற்கும். 10 இருந்தால் 1.98 வோல்ட். 'வந்துவிட்டான்' என்று கணினி நிச்சயமாக ஏற்றுக்கொள்ள வேண்டிய எல்லை 2 வோல்ட். வாசல்படியில் ஒரு காலை வைத்தபடி நிற்கிற மாதிரி. அதனால்தான் ஒரே போர்டு பக்கத்து இருக்கைக்காரரின் லேப்டாப்பில் ஓடும், உங்களுடையதில் ஓடாது.

சரிசெய்ய, போர்டின் அடிப்பக்கத்திலிருக்கும் ஆர்10 என்ற பொடி மின்தடையைக் கழற்ற வேண்டியதில்லை. 1.8 கிலோ ஓம் மின்தடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: பழுப்பு, சாம்பல், சிவப்பு வளையங்கள். அதன் ஒரு காலை ஏ12 என்று அச்சிட்ட பின்னிலும் (டி பிளஸ் வருவது இதில்தான்), மறு காலை 3.3 வோல்ட் பின்னிலும் ஈயம் வைத்துவிடுங்கள். 10-க்குப் பக்கவாட்டில் 1.8 சேர்ந்தால் மொத்தம் சுமார் 1.53 கிலோ ஓம் ஆகிவிடும், விதி அனுமதிக்கும் வரம்புக்குள்தான். ஒயர்மேன் அண்ணன் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மின்தடையின் கால்களை மூக்குச்சாமணத்தால் வளைத்து, ஐந்து நிமிடத்தில் தன்னுடையதையும் பக்கத்தில் இருந்த இரண்டு பிள்ளைகளுடையதையும் முடித்துக் கொடுத்தார். மல்டிமீட்டரில் 1.98 இருந்த இடம் 3.0 ஆனதைப் பார்த்து, அந்தப் பிள்ளைகளில் ஒரு தங்கச்சி மீட்டரைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள்.

இந்த போர்டில் இன்னொன்று. மின்தடை நிரந்தரமாக 3.3 வோல்ட்டில் கட்டியிருப்பதால், புதிய கோட் ஏற்றியபின் போர்டு ரீசெட் ஆனாலும் கணினிக்கு அது தெரியாது. பழைய ஆள் அப்படியே உட்கார்ந்திருப்பதாக நினைக்கும். ஒவ்வொரு முறையும் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க: யுஎஸ்பியைத் தொடங்கும் முன் பிஏ12 காலை (போர்டில் ஏ12 என்றிருப்பது) சில மில்லி விநாடிகள் கோடிலேயே தரைக்கு இழுத்து விடுங்கள். போர்டு கழன்றுவிட்டது என்று எண்ணி, மறுபடி வரும்போது கணினி முதலிலிருந்து கேள்வி கேட்கும்.

இனி -110 பக்கம். முதல் சந்தேகம் பிரேக்பாயிண்ட், அதாவது கோடை ஓடும்போதே நிறுத்திப் பார்க்க வைக்கும் இடம். யுஎஸ்பி கோடுக்குள் பிரேக்பாயிண்ட் வைத்து, நிறுத்தி, மாறிகளை நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கணினி கைகழுவிவிட்டுப் போய்விடும். யுஎஸ்பியை நிறுத்தி வைத்துப் படிக்க முடியாது. நடந்ததை ஒரு சின்ன வரிசையில் எண்களாகச் சேமித்து, எல்லாம் முடிந்தபின் எடுத்துப் பாருங்கள். இன்டரப்டுக்குள் (மற்ற வேலையை இடைமறித்து ஓடும் கோடுக்குள்) நீளமான வரிகளை மெதுவான சீரியலில் அச்சிடுவதும் இதே தவறுதான்.

ஸ்டாக்கை, அதாவது யுஎஸ்பி பேச்சை நடத்தும் கோடை, நீங்களே எழுதுகிற இரண்டாம் நாள் பாடத்தில் வருவது முகவரிப் பிழை. கணினி 'உன் முகவரி இனி 5' என்று சொல்கிறது. உடனே 5-க்கு மாறிவிடக்கூடாது. 'சரி' என்ற ஒப்புதலைப் பழைய 0 முகவரியிலிருந்தே சொல்லி முடித்துவிட்டு, அப்புறம்தான் மாற வேண்டும். சில சிப்களில் இதை ஹார்ட்வேரே பார்த்துக்கொள்ளும். உங்கள் சிப் எந்த வகை என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பெயர் தெரிகிறது, ஆனால் சாதனம் தொடங்கவில்லை

போர்டின் பெயர் வந்துவிட்டது, கூடவே கோட் 10 என்ற பிழை எண். அல்லது கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டர் தவறு என்கிறது. நல்ல செய்தி: கம்பி, கடிகாரம், மின்தடை எல்லாம் சரி. இனி எண்கள்தான்.

பைட் கணக்கை விரல்விட்டு எண்ணுங்கள். விசைப்பலகை, மவுஸ் போன்ற ஓர் எளிய எச்ஐடி சாதனத்துக்குக் கான்ஃபிகரேஷன் 9, இன்டர்ஃபேஸ் 9, எச்ஐடி 9, எண்ட்பாயிண்ட் (தரவு போகும் வாசல்) 7, ஆக 34. அந்த 34-தான் மொத்த நீளமாக முதல் பகுதியில் எழுதியிருக்க வேண்டும். மாணவர் ஒருவர் கணினியிலிருந்து விளக்கை இயக்க இன்னோர் எண்ட்பாயிண்ட் சேர்த்தார். 7 பைட் கூடி 41 ஆனது, எழுதியிருந்தது அதே 34. கணினி 34 பைட்டை மட்டும் வாங்கிப் பார்த்தது. இரண்டு எண்ட்பாயிண்ட் என்று அறிவிப்பு இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான். உணவு நேரம் முழுக்க அவர் தேடியது இந்த ஒரு எண்ணை. கையால் எழுதாமல், வரிசையின் அளவைக் கம்பைலரே கணக்கிட விடுங்கள். எச்ஐடி ரிப்போர்ட் டிஸ்கிரிப்டரின் நீளத்துக்கும் இதே அறிவுரை.

எண்ணைத் திருத்தியும் அதே பிழை வந்தால், விண்டோஸ் பழைய நினைவில் இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்யுங்கள், டிஸ்கிரிப்டரில் உள்ள பதிப்பு எண்ணை ஒன்று கூட்டுங்கள், மறுபடி செருகுங்கள்.

காம் போர்ட் (சீரியல் இணைப்பு) வந்துவிட்டது, எழுத்து வரவில்லை

சிடிசி என்ற சீரியல் வகையில், டெர்மினல் மென்பொருள் டிடிஆர் என்ற சைகையை ஏற்றினால்தான் பல கோட் நூலகங்கள் எழுத்தை அனுப்பும். ஒரு டெர்மினலில் வந்து இன்னொன்றில் வராவிட்டால் அமைப்பில் டிடிஆரைத் தேடுங்கள். லினக்ஸில் அனுமதி மறுப்பு வந்தால், உபுண்டு போன்றவற்றில் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். போர்டு செருகியதும் யாரோ விசித்திரமான எழுத்துகளை அனுப்புகிறார்கள் என்றால் அது மோடம்மேனேஜர், உங்கள் போர்டை மோடம் என்று நினைத்துச் சோதிக்கிறது.

இதே வகையில் ஒரு நுட்பமான பிழை இருக்கிறது. எழுத்து வருகிறது, ஆனால் எப்போதாவது ஒரு வரி மட்டும் தாமதித்து, அடுத்த வரியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. செம்பனைக் கன்றுகளுக்கு மண் ஈரம் அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்த மாணவியிடம் இதைப் பார்த்தேன். காலையில் ஒழுங்காக ஓடியது. ஈரம் 100 சதவீதம் காட்டும்போது மட்டும் வரி காணாமல் போனது. சென்சார் கெட்டுவிட்டது என்று வேறொன்று வாங்கக் கிளம்பிவிட்டாள். வரியை எழுத்து எழுத்தாக எண்ணச் சொன்னேன். 99 வரை 63 எழுத்து. 100 ஆனதும் ஓர் இலக்கம் கூடி, சரியாக 64.

சிடிசி எழுத்தை அனுப்பும் ஃபுல் ஸ்பீட் பல்க் எண்ட்பாயிண்டில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 64 பைட். 64-க்குக் குறைவாக ஒரு பாக்கெட் வந்தால்தான் 'சொல்லி முடித்துவிட்டான்' என்று கணினி எடுத்துக்கொள்ளும். சரியாக 64 வந்தால் இன்னும் வரும் என்று காத்திருக்கும். 64-இன் மடங்காக முடியும் ஒவ்வொரு முறையும், வெறுமையான ஒரு பாக்கெட்டை, சுழி நீளத்தில், பின்னால் அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் 100 திரையில் வந்தது. நூலகம் இதைச் செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, சரியாக 64 எழுத்துள்ள வரி ஒன்றை முதல் நாளே அனுப்பிப் பாருங்கள்.

விசைப்பலகை செய்தேன், ஒரே எழுத்து நிற்காமல் ஓடுகிறது

அழுத்தியதைச் சொன்னீர்கள், விட்டதைச் சொல்லவில்லை. விசைப்பலகை ரிப்போர்ட் 8 பைட். விசையை விட்டதும் எட்டும் சுழியாக இன்னொரு ரிப்போர்ட் அனுப்புங்கள். செருகியதுமே தட்டச்சு ஆரம்பிக்கும்படி கோட் எழுதாதீர்கள். ஒரு பொத்தானை அழுத்தினால்தான் தொடங்கும் என்று வையுங்கள். இல்லாவிட்டால் திருத்துவதற்குத் திறக்கும் கோட் பக்கத்திலேயே அது எழுத்துகளைக் கொட்டும்.

கொஞ்ச நேரம் ஓடிவிட்டுக் கழன்றுகொள்கிறது

மின்சாரம். எனுமரேஷன் முடியும்வரை யுஎஸ்பி 2.0 சாதனம் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது, முடிந்தபின் கேட்டுப் பெற்றால் 500 வரை. 5 வோல்ட் சிறிய ரிலே ஒன்று சுமார் 70 எடுக்கும். நான்கு ரிலே ஒன்றாக இழுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ரிலே 'டக்' என்று அடிக்கும் அதே நொடியில் கணினி கழன்ற சத்தம் எழுப்பினால் வேறு சாட்சி வேண்டாம். ரிலேவுக்கும் சர்வோவுக்கும் தனி 5 வோல்ட் கொடுங்கள், தரைக் கம்பியை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக்குங்கள். டிஸ்கிரிப்டரில் மின்தேவையை எழுதும் இடத்தில் அலகு 2 மில்லி ஆம்பியர் என்பதை மறக்காதீர்கள்: 100 என்று எழுதினால் 200 கேட்கிறீர்கள். மின்சாரம் இல்லாத ஹப் ஒன்றில் நான்கு பேர் பகிர்ந்துகொள்வதையும் தவிருங்கள், மண்டபத்தில் பிளக் பாயிண்ட் குறைவு என்றாலும்.

மின்பக்கமும் கோட் பக்கமும் சரி, இந்த லேப்டாப்பில் மட்டும் வரவில்லை

வேலையிடத்து லேப்டாப்பைக் கொண்டு வந்திருக்கிறீர்களா? ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டின் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி செருகினால், அது ஒரு பென்டிரைவ் போலத் தெரிய வேண்டும். அதில் உங்கள் கோடின் யுஎஃப்2 கோப்பைப் போட்டால் கோட் ஏறிவிடும். தொழிற்சாலை லேப்டாப்புகளில் பென்டிரைவ்களைத் தடுத்து வைத்திருப்பது வழக்கம், அதனால் பிக்கோவும் சேர்ந்து தடைபடும். அந்தப் பூட்டை உடைக்க முயற்சி செய்யாதீர்கள், வேலைக்கு வினையாகிவிடும். மண்டபத்தில் பொதுக் கணினி இரண்டு வைத்திருக்கிறோம், கேளுங்கள். வேறு காரணத்தால் பிக்கோ செத்ததுபோல் இருந்தாலும் அதே பூட்செல் பொத்தான் காப்பாற்றும். அந்தப் பொத்தானுக்கு வேலை செய்யும் கோட் சிப்புக்குள் அழிக்க முடியாத இடத்தில் இருப்பதால், உங்கள் கோட் எவ்வளவு கெட்டிருந்தாலும் அதைத் தொடாது.

இவ்வளவும் பார்த்தபின் கையைத் தூக்குங்கள், ஓடி வருகிறோம். வரும்போது நாங்கள் கேட்கப்போவது மூன்று: கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா, சத்தம் வந்ததா, கணினி காட்டிய எண் என்ன. அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி போர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். நீங்கள் சாப்பிடப் போயிருந்தாலும் அதைப் பார்த்து நாங்கள் வேலையைத் தொடங்கிவிடுவோம்.